வருத்தத்துடன் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது

தவமலர் இறந்த அதே வாரத்தில்தான் அருங்காட்சியகத்தில் ‘மம்மி’ என்ற சொல்லுக்குத் தடை வந்தது. முதல் செய்தியைச் சிற்றம்பலம் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அறிந்துகொண்டார். இரண்டாவதை, மனைவி செத்தால் கணவனுக்குக் கிடைக்கிற சொற்ப விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய காலையில், உடை மாற்றும் அறைக் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பில் படித்தார்.

‘மம்மி என்ற சொல் இறந்தவரைப் பொருளாக்குகிறது. இன்று முதல் அவர் மம்மியாக்கப்பட்ட நபர். பெயர் சொல்லிக் குறிப்பிடும்போது, நெஸ்மூத் அம்மையார்.’

சிற்றம்பலத்துக்கு அதில் பிழையாக ஒன்றும் தெரியவில்லை. செத்தவருக்கு மரியாதை கொடுப்பது நல்ல விஷயம்தானே. தவமலரைக் கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரியில் எல்லோரும் ‘ஜன்னலோர டயாலிஸிஸ்’ என்றுதான் சொன்னார்கள். ஜன்னலோர டயாலிஸிஸுக்கு உப்பில்லாத சாப்பாடு. ஜன்னலோர டயாலிஸிஸ் ராத்திரி தூங்கவில்லை. கடைசியில் ஜன்னலோரம் காலி. யாராவது ஒருமுறை தவமலர் அம்மையார் என்று சொல்லியிருந்தால் அவளே சிரித்திருப்பாள்.

ஜெர்மனியின் ஹம் நகரிலிருந்து உள்ளூர் ரயிலேறி, அருங்காட்சியகம் இருக்கிற ஊருக்கு வேலைக்குப் போகத் தொடங்கி சிற்றம்பலத்துக்கு இருபது வருஷத்துக்கு மேலாகிறது. கார் இருக்கைகளுக்கு உறை தைக்கிற தொழிற்சாலை மூடியபோது இந்த வேலை கிடைத்தது. எகிப்து மண்டபத்தின் காவலர். நிற்க வேண்டும். யாரும் எதையும் தொடாமல் பார்க்க வேண்டும். கழிப்பறை எங்கே என்று கேட்டால் கை காட்ட வேண்டும். இவ்வளவுதான்.

மண்டபத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் நெஸ்மூத் கிடந்தாள். மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் தீப்ஸ் நகரத்தில், ஆமூன் கோயிலில் பாடியவள். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த ஊர்ச் சுரங்க முதலாளி ஒருவர் நைல் நதியில் உல்லாசப் பயணம் போனபோது, ஒரு கம்பளத்தோடும் இரண்டு பூச்சாடிகளோடும் சேர்த்து அவளை வாங்கி வந்தார். கம்பளத்தைப் பூச்சி தின்றுவிட்டது. நெஸ்மூத் மிஞ்சினாள்.

தவமலர் ஒரேயொரு தரம் அவளை வந்து பார்த்திருக்கிறாள். பெட்டியைச் சுற்றி நடந்துவிட்டு, “பாவம், திரும்பிப் படுக்கக்கூட இடமில்லை” என்றாள். பிறகு உணவகத்தில் கோப்பி குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

புதிய விதிகளைக் கற்பிக்க ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. இயக்குநர் டாக்டர் லீசெகாங் தாமே வந்து பேசினார். மெலிந்த, உயரமான அம்மா. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் கண்ணை மூடித் திறக்கும் பழக்கம் உண்டு.

“நெஸ்மூத் அம்மையாரை நாம் இத்தனை காலம் பார்த்துக்கொண்டே இருந்தோம். இனிமேல் அவரைச் சந்திக்கப் போகிறோம்” என்றார். “பார்வையாளர் மண்டபத்துக்குள் வரும்போது, மனத்தளவில் தயாராக இருக்கிறாரா என்று காவலர் கேட்க வேண்டும்.”

அடுத்த நாளே ஒரு பள்ளிக்கூடப் பட்டாளம் வந்தது. முன்னால் வந்த சிறுமி, “மம்மி எங்கே?” என்று கேட்டாள்.

சிற்றம்பலம் மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னார். “அப்படி இங்கே யாரும் இல்லை. நெஸ்மூத் அம்மையார் இருக்கிறார். அவரைச் சந்திக்க நீங்கள் மனத்தளவில் தயாரா?”

சிறுமி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “அவங்களுக்கு என்ன ஆச்சு?”

“செத்துப்போனார்.”

சொன்ன பிறகு சிற்றம்பலத்தால் அங்கே நிற்க முடியவில்லை. கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். அந்தச் சொல்லை அதுவரை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சொந்தக்காரருக்கெல்லாம் மகள் ஆரணிதான் போன் எடுத்துச் சொன்னாள்.

அந்தியேட்டி நாள் நெருங்கியது. முப்பத்தோராம் நாள் செய்கிற கிரியை. அதுவரை வீட்டைச் சுற்றிக்கொண்டு நிற்கிற ஆத்மாவை வழியனுப்பி வைக்கிற நாள். ஹம்மில் இப்படியான காரியங்களுக்கெல்லாம் கனகலிங்கம் அண்ணைதான். மண்டபம், ஐயர், சமையல் எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்வார்.

“சனிக்கிழமை வருது தம்பி, நல்லதாப் போச்சு. சனத்துக்கும் வசதி” என்றார் அண்ணை. “காலமை வெள்ளணத் துவங்கினால்தான் மத்தியானத்துக்குள்ள முடிக்கலாம். ஐயர் கொலோனில இருந்து வாறார். பின்னேரம் அவருக்கு வேற இடத்தில கலியாணம் ஒண்டு கிடக்கு.”

“நான் வேலையில உர்லாப், லீவு கேட்டிட்டுச் சொல்லுறன் அண்ணை.”

“இதுக்கென்ன கேள்வி? மனிசியின்ர அந்தியேட்டிக்கு விடமாட்டாங்களே?”

பணியாளர் பிரிவில் ஹெர் புட்டே இருந்தார். மேசைமேல் ஒரு சிறிய கற்றாழைச் செடி, அதற்குப் பக்கத்தில் ‘உங்கள் உணர்வுகளுக்கு இங்கே இடமுண்டு’ என்று ஓர் அட்டை. சிற்றம்பலம் தேதியைச் சொன்னதும் அவர் முகத்தில் உண்மையான வேதனை தெரிந்தது.

“அன்றைக்கு முடியாதே. அன்றுதான் நெஸ்மூத் அம்மையாருக்கான துக்க விழா. மேயர் வருகிறார். யாருக்கும் விடுப்புக் கிடையாது.”

“என்னுடைய மனைவிக்கும் அன்றுதான் துக்கக் கிரியை.”

புட்டே கணினியைப் பார்த்தார். “உங்கள் மனைவிக்கான விடுப்பை நீங்கள் ஏற்கனவே எடுத்துவிட்டீர்கள் என்று இருக்கிறது. உடல் எரிந்துவிட்டது அல்லவா?”

“ஓம்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் பிறகு ஜெர்மனில், “எரிந்துவிட்டது. இது ஆத்மாவை அனுப்புவதற்கு” என்றார்.

“ஒருவருக்கு இரண்டு தரமா?” புட்டே பரிவோடு தலையை ஆட்டினார். “பாருங்கள், நான் மனிதாபிமானம் இல்லாதவன் அல்ல. துக்கம் இந்த நிறுவனத்தின் அடிப்படை விழுமியம். அதனால்தான் அன்றைக்கு யாருக்கும் லீவு தரமுடியாமல் இருக்கிறது.”

சிற்றம்பலம் மண்டபத்துக்குத் திரும்பி வந்து தன் இடத்தில் நின்றார். எதிர்ப்பெட்டியில் நெஸ்மூத்தோடு கிடைத்த வேலைக்காரப் பொம்மைகள் வரிசையாக நின்றன. மறு உலகத்தில் அம்மையாரை வயல் வேலைக்குக் கூப்பிட்டால், அவளுக்குப் பதிலாக எழுந்து ‘இதோ இருக்கிறேன்’ என்று சொல்வதற்காகச் செய்த களிமண் பொம்மைகள். ஒன்றின் முகத்திலும் மறுப்பு இல்லை.

இந்த நேரத்தில்தான் வேதவல்லி வந்து சேர்ந்தாள். கும்பகோணத்துப் பெண். டார்ம்ஸ்டாட்டில் படித்து முடித்துவிட்டு, துக்க விழாத் திட்டத்துக்காகத் தற்காலிக ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவள். மண்டபத்தில் தமிழ் முகத்தைக் கண்டதும் ஓடிவந்து பேசினாள். சிற்றம்பலம் ஏதோ பேச்சில் தவமலர் இறந்ததைச் சொன்னார். அவள் கண் கலங்கினாள். அன்று மத்தியானமே இயக்குநரின் அறையிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது.

இருபது வருஷத்தில் அந்த அறைக்குள் அவர் முதல் தடவையாகப் போனார். கோப்பி கொடுத்தார்கள். பிஸ்கட் கொடுத்தார்கள். டாக்டர் லீசெகாங் கண்ணை மூடித் திறந்தார்.

“திரு. சிற்றம்பலம், உங்கள் இழப்பைப் பற்றி வேதவல்லி சொன்னார். எவ்வளவு பெரிய கொடை!”

சிற்றம்பலம் வேதவல்லியைப் பார்த்தார். வேதவல்லி பிஸ்கட்டைப் பார்த்தாள்.

“நாங்கள் ஆறு மாதமாகத் தேடுகிறோம்” என்று இயக்குநர் தொடர்ந்தார். “எகிப்தில் இறந்தவருக்காகக் கூந்தலை அவிழ்த்து, தலையில் மண்ணை அள்ளிப் போட்டு அழுவதற்கென்றே பெண்கள் இருந்தார்கள். இங்கே எங்களுக்கு யாருக்கும் அழ வருவதில்லை. நடிகர்களை வைத்துப் பார்த்தோம், உண்மைத்தன்மை இல்லை. உங்களிடமோ உயிருள்ள துக்கம் இருக்கிறது. அதுவும் எங்கள் பணியாளரிடமே! விழாவில் நெஸ்மூத் அம்மையாருக்காக நீங்கள் ஓர் ஒப்பாரி வைக்க வேண்டும்.”

“எங்கள் பக்கத்தில் பெண்கள்தான் ஒப்பாரி வைப்பார்கள். ஆண்கள் இல்லை.”

“அப்படியானால் இது ஒரு விமர்சன இடையீடு!” இயக்குநரின் முகம் மலர்ந்தது. வேதவல்லி அதைக் குறித்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் வேதவல்லி தாழ்ந்த குரலில் சொன்னாள். “அங்கிள், ஜஸ்ட் டூ மினிட்ஸ். ஓப்பனிங்லயே உங்க பார்ட்ட வெச்சிடறேன். அதை முடிச்சிட்டு நீங்க நேரா ஸ்டேஷனுக்குப் போயிடலாம். மேடம்கிட்ட நான் பேசிட்டேன். உங்க ஃபங்ஷனும் மிஸ் ஆகாது.”

“ஃபங்ஷன் இல்லைப் பிள்ளை.”

“சாரி அங்கிள். ரிச்சுவல்.”

சிற்றம்பலம் கணக்குப் போட்டுப் பார்த்தார். காலையில் அழுதுவிட்டு ஓடினால் மத்தியானத்துக்கு முன்னால் ஹம். கிரியையின் கடைசிப் பகுதிக்காவது போய்ச் சேரலாம். வேண்டாம் என்று சொன்னால் அதுவும் இல்லை. பென்ஷனுக்கு இன்னும் சில வருஷம் இருக்கிற ஆளை வேலையை விட்டு அனுப்பினால் யார் எடுப்பார்கள்? சரி என்றார். அன்று இரவு ஆரணிக்குப் போன் எடுத்து, “பிள்ளை, நீ துவங்கு. நான் வந்து சேருவன்” என்றார்.

“அம்மாவின்ர அந்தியேட்டியப்பா” என்றாள் ஆரணி.

“தெரியும் பிள்ளை.”

விழா ஏற்பாடுகள் மும்முரமாயின. எகிப்திய வழக்கப்படி இறந்தவருக்கு ரொட்டியும் பியரும் படைக்க வேண்டும். ரொட்டி வந்தால் பூச்சி வரும் என்று பாதுகாப்பு நிபுணர் சொன்னார். ஆகவே ரொட்டியின் படம் ஒன்றை அச்சடித்துப் பிளாஸ்டிக் உறை போட்டார்கள். பியர் பணியாளர் நல விதிகளுக்கு உட்பட்டதால் போதையில்லாத பியர், மூடி திறக்காமல். மறு உலகத்து நீதிமன்றத்தில் இறந்தவரின் இதயத்தை ஒரு தீக்கோழி இறகுக்கு எதிராகத் தராசில் வைத்து நிறுப்பார்களாம். அந்த இறகைக் கொண்டுவந்தார்கள். அதைக் கிருமி நீங்கக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டியிருந்தது. குளிர்பெட்டியில் உணவகத்தின் ஐஸ்கிரீம் இருந்தது. இரண்டு பிரிவுக்கும் கடிதப் போக்குவரத்து நடந்து, முடிவில் பிளாஸ்டிக் இறகு வாங்கினார்கள்.

சாம்பிராணி புகை எச்சரிக்கை மணியை அடிக்கச் செய்யும் என்பதால், சாம்பிராணி வாசத்தைக் கற்பனை செய்யும்படி பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்ளத் தீர்மானித்தார்கள். பழைய தீப்ஸ் இருந்த லுக்சோரிலிருந்து ஓர் எகிப்தியப் பேராசிரியரையும் அழைத்திருந்தார்கள். நெஸ்மூத்தின் ஊர்க்காரர் அவர் ஒருவர்தான். அவருக்கு விசா நேர்காணலுக்கான டெர்மின், அதாவது தேதி, விழா முடிந்து இரண்டு மாதம் கழித்துக் கிடைத்தது. அவருடைய நாற்காலியை மரியாதைக்காக வெறுமையாக விட்டார்கள். பிறகு மேயரின் மேல்கோட்டை அதில் வைத்தார்கள்.

ஒத்திகை நாளில் பாதுகாப்பு நிபுணர் சிற்றம்பலத்திடம் வந்தார். “நீங்கள்தானே அழப்போகிறவர்? மண்டபத்தின் ஈரப்பதம் மிகவும் முக்கியம். அழுவதானால் பெட்டியிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று அழுங்கள். குனிய வேண்டாம்.” தரையில் ஒரு மஞ்சள் நாடாவை ஒட்டிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை வந்தது. வேதவல்லி சொன்னபடி அவருடைய பங்கு முதலில்தான் இருந்தது. ஆனால் மேயர் வேறொரு திறப்பு விழாவுக்குப் போக வேண்டியிருந்ததால் அவருடைய உரையை முன்னால் கொண்டுவந்தார்கள். மேயர் பேசினால் நன்கொடையாளர் சங்கத் தலைவரும் பேச வேண்டும். அவர் பேசினால் சுரங்க முதலாளியின் கொள்ளுப்பேரன் பேச வேண்டும். சிற்றம்பலம் மஞ்சள் நாடாவுக்குப் பக்கத்தில் கை கட்டி நின்றார். கைபேசி, விதிப்படி, கீழே பூட்டிய பெட்டிக்குள் கிடந்தது. ஹம்மில் இப்போது ஐயர் வந்திருப்பார். பிண்டம் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

மேயர் சுருக்கமாகத்தான் பேசினார். “இந்த நகரத்தில் குடியேறி, முழுமையாக ஒன்றிப்போய், இத்தனை ஆண்டில் ஒரு புகாரும் சொல்லாமல் வாழ்பவர் நெஸ்மூத் அம்மையார். மற்றவர்களுக்கு அவர் ஒரு முன்மாதிரி” என்று சொல்லிவிட்டுத் தன் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு போனார்.

கொள்ளுப்பேரன், தன் முப்பாட்டனார் அவளை நியாயமான விலைக்குத்தான் வாங்கினார் என்பதையும், வீட்டில் எல்லோரும் அவளிடம் மிகுந்த பாசமாக இருந்தார்கள் என்பதையும் விளக்கினார். குழந்தைகள் பிறந்தநாளுக்கு அவளைக் கூடத்துக்குக் கொண்டுவருவார்களாம்.

கடைசியாக டாக்டர் லீசெகாங் எழுந்தார். நீண்ட நேரம் கண்ணை மூடியிருந்தார்.

“நெஸ்மூத் அம்மையாரே, உங்களைக் கேட்காமல் உங்களை வாங்கினோம். கேட்காமல் கட்டுகளை அவிழ்த்தோம். ஒரு நூற்றாண்டாகக் காட்சிக்கு வைத்தோம். அது அநீதி. இதை நாங்கள் ஆழமாக, பல கூட்டங்களில் விவாதித்தோம். உங்களைத் திருப்பி அனுப்பலாமா என்றும் யோசித்தோம். ஆனால் நீங்கள் இல்லாவிட்டால் உங்களிடம் நாங்கள் எப்படி மன்னிப்புக் கேட்பது? ஆகவே இன்று முதல் நீங்கள் இங்கேயே, ஆனால் வருத்தத்துடன், காட்சிக்கு வைக்கப்படுகிறீர்கள்.”

கைதட்டல் வெகுநேரம் நீடித்தது. பிறகு பிளாஸ்டிக் உறை போட்ட ரொட்டியைப் பெட்டிக்கு முன்னால் வைத்தார்கள். எகிப்தியர்களின் நம்பிக்கைப்படி பெயரை உச்சரித்தால் இறந்தவர் மறுபடி வாழ்வார் என்பதால், எல்லோரும் சேர்ந்து மூன்று முறை நெஸ்மூத் என்றார்கள். வேதவல்லி சைகை காட்டினாள். சிற்றம்பலம் முன்னால் வந்து நாடாவில் நின்றார். எங்கோ ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. பதிவு செய்கிறார்கள்.

சுவர்க் கடிகாரத்தில் மத்தியானம் தாண்டியிருந்தது.

அவர் ஒரு பதிகத்தின் இரண்டு வரியைச் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் நினைத்து வந்திருந்தார். வாயைத் திறந்தபோது அது வரவில்லை. கண்ணாடிக்குள் நெஸ்மூத்தின் கால்பக்கம் தெரிந்தது. பாதத்தை மூடியிருந்த உறையில், மறு உலகத்துக்கு நடந்து போவதற்காக, யாரோ ஒரு சோடி செருப்பை வரைந்திருந்தார்கள். வார் கூட அழகாக, சிவப்பில்.

“தவம்” என்றார் சிற்றம்பலம். “தவம், நான் வரேலாமப் போச்சப்பா. இண்டைக்கு உன்ர நாள். பிள்ளை அங்க தனிய இருந்து செய்யிறாள். நான் இஞ்ச ஆரோ ஒரு மனிசிக்கு முன்னால நிக்கிறன். இவவுக்குக் காலில செருப்புக் கீறி விட்டிருக்கினம். உனக்குக் கால் வீங்கி ஒரு செருப்பும் கொள்ளேல்ல. வெறுங்காலோடதான் உன்னை அனுப்பினனாங்கள். நான் அண்டைக்கு அதைப் பார்த்தனான். பார்த்தும் ஒண்டும் சொல்லேல்ல, ஆக்கள் நிண்டவை. பெரிய சைஸில ஒரு சோடி வாங்கி வந்திருக்கலாம். அங்கால வழி எப்பிடிக் கிடக்கோ தெரியாது. கல்லோ முள்ளோ. நீ குளிர் தாங்கமாட்டாய். காலமையில நான் இன்னும் ரெண்டு கோப்பையிலதான் தேத்தண்ணி ஊத்துறன். ஊத்தின பிறகுதான் தெரியுது. நீ போறதெண்டால் போ அம்மா. எனக்காக நிக்காதை. நான் வரேல்லை எண்டு பார்த்துக்கொண்டு நிக்காதை. தவம்... நீ போ.”

அவர் குனிந்துவிட்டார். பாதுகாப்பு நிபுணர் ஈரப்பதமானியை எட்டிப் பார்த்தார்.

மண்டபத்தில் அவர் சொன்னது புரிந்த ஆள் ஒருத்திதான். வேதவல்லி ஒலிவாங்கியைப் பிடித்தபடி நின்றாள். டாக்டர் லீசெகாங் எதிர்பார்ப்போடு அவளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த தாளைப் பார்த்து, ஜெர்மனில் சொன்னாள்.

“திரு. சிற்றம்பலம் நெஸ்மூத் அம்மையாருடன் பேசினார். மூவாயிரம் ஆண்டுகள் தாமதமாக வந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். எங்களுடன் என்றென்றும் தங்கியிருங்கள் என்று வேண்டினார்.”

சிற்றம்பலத்துக்கு ஜெர்மன் தெரியும். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கொள்ளுப்பேரன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, அற்புதமான மொழி என்றார்.

ரயில் வழியில் ஒரு காரணமும் சொல்லாமல் நின்று நின்று போனது. ஹம் மண்டபத்தில் அவர் போய்ச் சேர்ந்தபோது, கனகலிங்கம் அண்ணை வாழையிலைகளைச் சுருட்டிக் குப்பைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். சனம் போய்விட்டது. ஐயரும் போய்விட்டார். ஆரணி அம்மாவின் நீலச் சேலையை உடுத்து ஓரத்தில் ஒரு கதிரையில் இருந்தாள். நெற்றியில் வியர்வையும் விபூதியும் கலந்து கிடந்தன.

“பிள்ளை எல்லாம் வடிவாச் செய்தவள்” என்றார் அண்ணை. “ஐயரும் உங்களை எவ்வளவு நேரம் பார்த்தவர். பிறகு ஏலாது எண்டு துவங்கிட்டார். சாப்பாடு எடுத்து வச்சிருக்கு, இருங்கோ.”

சிற்றம்பலம் மகளிடம் போனார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எங்கயப்பா நிண்டனீங்கள்?”

“வேலையில.”

அவள் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். கொலோனுக்கு ரயில் இருக்கிறது, நாளைக்குக் கடை திறக்க வேண்டும் என்றாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து எகிப்து மண்டபத்தில் ஒரு புதிய தூண் நின்றது. இடுப்பு உயரம். மேலே ஒரு வட்டப் பொத்தான். பக்கத்தில் ஒரு தகடு: ‘துயரத்தின் குரல். ஆண். தெற்காசியா. இன்றைய காலம். அன்பளிப்பு.’

முதல் நாள் காலையிலேயே ஒரு பையன் அதை அழுத்தினான். “தவம்” என்று மண்டபம் முழுக்கச் சிற்றம்பலத்தின் குரல் கேட்டது. பையன் சிரித்துவிட்டு மறுபடி அழுத்தினான். “தவம்.” அவனுடைய தம்பி வந்து அழுத்தினான். பொத்தானை அழுத்தினால் குரல் முதலிலிருந்து தொடங்கும். “தவம். தவம். தவம்.” மூன்று மீட்டர் தள்ளிச் சிற்றம்பலம் சீருடையில் நின்றார். யாரும் எதையும் தொடாமல் பார்ப்பதுதான் அவர் வேலை. ஆனால் இதைத் தொடலாம். தொடுவதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

அவர் இயக்குநரிடம் போனார். இந்த முறை கோப்பி இல்லை.

“அதை எடுத்துவிடுங்கள். அது என்னுடைய மனைவியிடம் நான் பேசியது.”

டாக்டர் லீசெகாங் கண்ணை மூடித் திறந்தார். “உங்கள் உணர்வை நாங்கள் முழுமையாக மதிக்கிறோம். ஆனால் அது சேகரிப்பில் சேர்ந்துவிட்டது. சேகரிப்பிலிருந்து ஒன்றைத் திருப்பிக் கொடுப்பதென்றால் அதைத் தோற்றுவித்த சமூகத்தின் பிரதிநிதி முறைப்படி கேட்க வேண்டும்.”

“நான்தான் கேட்கிறேன்.”

“நீங்கள் எங்கள் பணியாளர். நடுநிலையானவர் அல்ல.”

“அது என்னுடைய குரல், டாக்டர்.”

“உங்கள் குரல் உங்களிடம் இன்னும் இருக்கிறதே” என்று அவர் மென்மையாகச் சொன்னார். “யோசித்துப் பாருங்கள். திருப்பிக் கொடுத்தால் அதை நீங்கள் எங்கே வைப்பீர்கள்? சரியான வெப்பநிலையில் பாதுகாப்பீர்களா? இங்கே அது எல்லோருக்கும் சொந்தம். வந்த நாளிலிருந்தே அதிகம் அழுத்தப்படுகிற பொத்தான் அதுதான் என்பது உங்களுக்குத் தெரியுமா?”

அவர் படியிறங்கி வந்தபோது வேதவல்லி பணியாளர் சமையலறையில் தனியே நின்றிருந்தாள். அவளுடைய ஒப்பந்தத்தை ஒரு வருஷம் நீட்டியிருந்தார்கள்.

“அங்கிள், நான் அன்னிக்குத் தப்பா சொல்லிட்டேன். எல்லாமே புரிஞ்சுது எனக்கு. கையில இருந்ததை அப்படியே படிச்சிட்டேன். மேடம் பாத்துட்டே இருந்தாங்க. என் விசாவே இந்த வேலையிலதான் இருக்கு.” அழுதாள். “நான் இப்ப போய் உண்மையைச் சொல்லவா?”

சிற்றம்பலம் அவளுக்கு ஒரு கடதாசிக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தார். “விடுங்கோ பிள்ளை. அந்த எகிப்து மனிசி இஞ்ச தங்கினால் என்ன, போனால் என்ன. சொல்லி உங்கட வேலையும் போனால் ஆருக்கு லாபம்?” என்றார். அவருக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆரணியிடமிருந்து போன் குறைந்தது. எடுத்தாலும் குளிசை போட்டீங்களா, ஓம், சரி வைக்கிறன் என்று முடிந்துவிடும். கனகலிங்கம் அண்ணை ஒரு நாள் உள்ளூர்ப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தார். ‘மண்டபத்தை அழவைத்த காவலர்’ என்ற தலைப்பின் கீழ் சிற்றம்பலம் குனிந்து நிற்கிற படம். “பிள்ளைக்கும் அனுப்பிவிட்டனான்” என்றார் அண்ணை பெருமையாக. அம்மாவின் கிரியைக்கு வராமல் அப்பா மேடையேறி நின்றார் என்றுதான் மகள் நினைப்பாள்.

அவள் ஒரு வியாழக்கிழமை வந்தாள். சொல்லாமல் வந்தாள். மழை அங்கியோடு, கையில் நுழைவுச்சீட்டோடு, மற்றப் பார்வையாளர்களைப் போல மண்டப வாசலில் நின்றாள். மனத்தளவில் தயாரா என்று விதிப்படி கேட்க வேண்டியதைச் சிற்றம்பலம் கேட்கவில்லை.

அவள் அவரைத் தாண்டி நடந்து போனாள். நெஸ்மூத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தகட்டை வாசித்தாள். பொத்தானை அழுத்தினாள்.

“தவம்” என்றது தூண். “தவம், நான் வரேலாமப் போச்சப்பா.”

ஆரணி அசையவில்லை. பிள்ளை அங்க தனிய இருந்து செய்யிறாள் என்ற இடத்தில் அவளுடைய தோள் குலுங்கியது. செருப்பைச் சொல்கிற இடத்தில் திரும்பிக் கண்ணாடிக்குள் பார்த்தாள். பிறகு பதிவில் அவளுடைய அப்பா அம்மாவைப் போகச் சொன்னார். மண்டபம் அமைதியானது. அவள் மூக்கை உறிஞ்சினாள். மழை அங்கியின் பையிலிருந்து கைபேசியை எடுத்து, தூணில் ஒலி வருகிற துளைகளுக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

மண்டபத்தில் ஒலிப்பதிவுக்கு அனுமதியில்லை. கைபேசியை எடுக்கிறவர்களிடம் இருபது வருஷமாக அவர் சொல்லிவருகிற ஒரு வாக்கியம் உண்டு. மூலையில் கண்காணிப்புக் கமெரா இருந்தது. அடுத்த மண்டபத்துக் காவலர் கதவருகே நின்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிற்றம்பலம் மகளுக்கும் கமெராவுக்கும் நடுவில் போய் நின்றார். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டி, சுவரைப் பார்த்தார்.

பின்னால் பொத்தான் அமுங்கும் சத்தம் கேட்டது.

அவருடைய குரல் மறுபடி முதலிலிருந்து தொடங்கி முடியும் வரை அவர் திரும்பவில்லை. முடிந்த பிறகும் திரும்பாமலே கேட்டார்.

“சாப்பிட்டனியே, பிள்ளை?”

“இல்லை அப்பா.”

“நில். எனக்கு ஒரு மணிக்கு இடைவேளை.”